பிசானம் என்றொரு சாட்சி

1857ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி வெளியான ‘நியூயார்க் டெய்லி டிரிப்யூன்’ நாளிதழில் எங்கள் ஊர்ச் சொல் ஒன்று அச்சேறியிருக்கிறது. பிசானம். ஆங்கில எழுத்துக்கூட்டில் கொஞ்சம் நொண்டிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் அடையாளம் தெரிகிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர் கார்ல் மார்க்ஸ்.

அப்போது மார்க்ஸ் லண்டனில் இருந்தபடி அந்த அமெரிக்கப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார். வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த நேரம். கிளர்ச்சிக்காரர்கள் செய்த கொடுமைகளைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுத, ‘நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பதற்காக அவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் நீலப் புத்தகங்களைப் புரட்டினார். இந்தியாவில் நடந்த சித்திரவதை பற்றி 1856, 1857ஆம் ஆண்டுக் கூட்டத் தொடர்களில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஆவணங்கள் அவை. அவற்றிலிருந்து ஒரு விவசாயியின் வாக்குமூலத்தை எடுத்துக் கட்டுரையில் கொடுத்தார். மழை இல்லாமல் பிசானம் பொய்த்துவிட்டது, வழக்கம்போல வரி கட்ட முடியவில்லை என்றுதான் அந்த வாக்குமூலம் ஆரம்பிக்கிறது.

பேச்சு எந்த ஊர் என்று கட்டுரை சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தேவைப்படவில்லை. தஞ்சாவூர்க்காரர் என்றால் குறுவை, சம்பா, தாளடி என்பார். தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்தவனுக்குத்தான் நெல் என்றால் கார், பிசானம். தென்மேற்குப் பருவமழையில் அணை நிறைந்து விளைவது கார். ஐப்பசி மழையை நம்பி நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். சென்னைக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் என் அம்மா போனில், ‘பிசானத்துக்குத் தண்ணி தொறந்துட்டாங்களா?’ என்றுதான் ஊர்க்காரர்களை விசாரிப்பாள். ஆகவே ஆள் திருநெல்வேலிச் சீமைதான். ஒரே ஒரு சொல்லை வைத்து இப்படி முடிவு கட்டுவது ஆய்வு ஒழுக்கத்துக்குச் சரியா என்று கேட்கலாம். ஒரு சொல் சில சமயம் ஒரு சர்வே எண்ணுக்குச் சமம்.

அந்த விவசாயி சொன்னதன் சாரம் இது. விளைச்சல் போனதால் ஜமாபந்தியின்போது வஜா, அதாவது வரித் தள்ளுபடி, கேட்டார்கள். 1837இல் ஈடன் கலெக்டராக இருந்தபோது செய்துகொண்ட ஒப்பந்தப்படி அது அவர்களுக்கு உரியது. கிடைக்கவில்லை. அதனால் பட்டாவை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பட்டாவை வாங்க மறுப்பது அழுகை இல்லை. அது ஒரு சட்ட நடவடிக்கை. இந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். தாசில்தாருக்கு அது நன்றாகவே புரிந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தினமும் அவர்களை ஆள்வைத்து வெயிலுக்குக் கொண்டுபோனார்கள். குனிய வைத்து முதுகில் கல் ஏற்றினார்கள். சுடுமணலில் நிறுத்தினார்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் சோற்றுக்கு விட்டார்கள். நடுவே கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போனார்கள், அவர் வாங்கவில்லை. அதே மனுக்களை செஷன்ஸ் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். கோர்ட்டு அவற்றைக் கலெக்டருக்கே அனுப்பிவைத்தது. செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது. இருபத்தைந்து நாளில் சொத்து ஜப்தி, பிறகு ஏலம். பெண்களின் மார்பிலும் கிட்டி என்ற இடுக்குக் கட்டையை வைத்தார்கள் என்ற வரியோடு வாக்குமூலம் முடிகிறது.

இந்தக் காகிதம் எங்கே பிறந்தது, யார் இதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அந்தத் தாசில்தாரை என்ன செய்தார்கள்? இந்த மூன்று கேள்வியோடுதான் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

எழும்பூரில் உட்கார்ந்து ரெவின்யூ போர்டு நடவடிக்கைத் தொகுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே குறை சொல்லும் குரல் நேரடியாகக் கேட்காது. கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தால், துணியில் கட்டிய தடித்த தொகுதி வரும். அவிழ்த்தால் மேஜையெல்லாம் பழுப்புத் தூள். தாசில்தார் கலெக்டருக்கு எழுதுவார். கலெக்டர் போர்டுக்கு எழுதுவார். போர்டு கோட்டைக்கு எழுதும். விவசாயி இந்தக் கடிதங்களில் எல்லாம் படர்க்கையில்தான் வருவார்: பாக்கிதாரர், பிடிவாதக்காரர், வழக்காடும் குணமுள்ளவர். அவரே பேசுகிற பக்கம் வேண்டுமென்றால், யாராவது அவரைக் கூப்பிட்டு ‘சொல்லு’ என்று கேட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு முறை கேட்டிருக்கிறார்கள். 1854-55இல்.

அதற்கு முன்கதை கொஞ்சம் உண்டு. 1852இல் சென்னையில் காசுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர் ‘மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். ஏற்கெனவே ‘கிரெசன்ட்’ என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவர். அந்த ஆண்டு இறுதியில் சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது. வரிக் கொடுமை, நீதிமன்றச் செலவு, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் போக்கு எல்லாம் அதில் இருந்தன. மனுவைப் பார்த்த டேன்பி சேமர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853 இறுதியில் நேரே சென்னைக்கே வந்துவிட்டார். லட்சுமிநரசு செட்டி அவரை மாகாணத்துக்குள் கூட்டிக்கொண்டு சுற்றினார். வரி வசூல் எப்படி நடக்கிறது என்பதைச் சேமர் கண்ணால் பார்த்தார். 1854 ஜூலையில் பாராளுமன்றத்தில் சென்னை மாகாண நிலவரி பற்றி விவாதம் வந்தபோது, சித்திரவதை என்ற சொல் சபையில் விழுந்தது. சித்திரவதையா, எங்கள் ஆட்சியிலா என்று கம்பெனி ஆதரவாளர்கள் பொங்கினார்கள். மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் விசாரணைக் கமிஷனுக்கு உத்தரவு போட வேண்டியதாயிற்று.

கமிஷனர்கள் மூன்று பேர். எட்வர்ட் எலியட், சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட். பெசன்ட் நகர்க் கடற்கரையில் இன்றும் பெயர் வாழ்கிறவர். ஹடில்ஸ்டன் ஸ்டோக்ஸ், சிவில் சர்வீஸ்காரர். ஜான் புரூஸ் நார்ட்டன், பாரிஸ்டர். நார்ட்டன் மட்டும் கொஞ்சம் வேறு ரகம். தென்னிந்தியாவில் நீதி நடக்கும் லட்சணத்தைப் பற்றி 1853இலேயே காட்டமாக ஒரு புத்தகம் எழுதியவர். (இவருடைய மகன் எர்ட்லி நார்ட்டன்தான் பின்னால் அலிப்பூர் குண்டு வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடினார். குடும்பங்களின் கதை எப்போதும் நேர்க்கோட்டில் போவதில்லை.)

கமிஷன் சென்னையில்தான் உட்கார்ந்தது, மூன்று மாதம். அப்போது தென்னிந்தியாவில் ரயில் கிடையாது. ராயபுரத்திலிருந்து முதல் வண்டி கிளம்பியது 1856 ஜூலையில். திருநெல்வேலியிலிருந்து சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். நடந்தோ மாட்டுவண்டியிலோ வர வேண்டும். வரும் வழியெல்லாம் சோற்றுக்கு வழி வேண்டும். திரும்பிப் போனால் அதே தாசில்தார் காத்திருப்பார். இத்தனையையும் மீறி 519 பேர் நேரில் வந்து நின்றார்கள். 1,440 பேர் எழுதி அனுப்பினார்கள். மொத்தம் 1,959 புகார். 1855 ஏப்ரல் 16ஆம் தேதி அறிக்கை கொடுத்தார்கள்: வரி வசூலுக்காகச் சித்திரவதை செய்வது மாகாணத்தில் பரவலாக இருக்கிறது என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. அரசாங்கம் நியமித்த ஆட்களே அரசாங்கத்தைப் பற்றி எழுதிய வாக்கியம் அது. மூவரில் இருவர் அதே அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

அறிக்கையின் ஸ்கேன் பிரதி இணையத்தில் கிடைக்கிறது. அதில் தேடுவதுதான் தொல்லை. கம்ப்யூட்டரில் ‘கிட்டி’யை ஒரு எழுத்துக்கூட்டில் தேடினால் நான்கு இடம் வரும், இன்னொன்றில் தேடினால் வேறு நான்கு. சில சொற்கள் பிடியே கொடுக்கவில்லை. ‘அனுண்டல்’ என்று ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. தெலுங்கில் இதை வேறு பெயரால் அழைப்பார்கள் என்று குறிப்பு வேறு. அப்படியானால் அனுண்டல் தமிழாகத்தான் இருக்க வேண்டும். எந்தத் தமிழ்?

விவரிப்பைப் படித்தேன். ஒருவனுடைய துணியாலோ தென்னங்கயிற்றாலோ வைக்கோல் பிரியாலோ அவன் கழுத்தையும் கால் விரல்களையும் சேர்த்துக் கட்டி, வளைந்த நிலையிலேயே மணிக்கணக்கில் நிறுத்துவது. ‘அனந்தல்’ என்றால் தூக்கம், பொருந்தவில்லை. ‘ஆணுந்தல்’, ‘அணுந்தால்’ என்று வாய்க்கு வந்த மாதிரி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் போயிற்று. கடைசியில் கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் செய்து, இப்படிக் கட்டிப்போடுவதற்கு நம் பக்கத்தில் ஏதாவது பெயர் உண்டா என்று கேட்டேன்.

“அண்ணாந்தாளச் சொல்லுதியா? அது திண்ணப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் போடுறதுல்லா. எங்க தாத்தா வாங்கியிருக்காரு. அத எதுக்குய்யா இப்ப கேக்க?”

அண்ணாந்தாள். பழைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். காலையும் கழுத்தையும் பிணைக்கும் தண்டனை என்று அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில எழுத்தரின் காதில் ‘ண்ணா’ தேய்ந்து, ‘ந்தாள்’ குழைந்து, அனுண்டல் ஆகியிருக்கிறது. இது என் ஊகம்தான். ஆனாலும் கயிறு பொருந்துகிறது, கழுத்து பொருந்துகிறது, கால் பொருந்துகிறது.

கிட்டி பற்றியும் அப்படியே பெரியப்பாவிடம் கேட்டுவைத்தேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவர் முழ நீளக் கம்பு இரண்டை எடுத்து, ஒரு முனையை மட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் காட்டினார். எலுமிச்சம்பழம் பிழியும் கட்டையைப் போல வாய் திறந்து மூடியது. “விரல வையி” என்றார். வைத்தேன். எண்பத்திரண்டு வயதுக் கை, பாதி பலத்தில்கூட அமுக்கவில்லை. மோதிர விரலின் நடுக்கணுவில் வந்த வலி அன்று ராத்திரி சாப்பிடும்போதும் இருந்தது. விரல், காது, மூக்கு, தொடை என்று எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்; செலவு கிடையாது, கொல்லன் வேண்டாம், கருவி என்று யாரும் கைப்பற்றவும் முடியாது. காரியம் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்தால் இரண்டு விறகுக் கம்பு.

கிஸ்தி என்றதும் நம் தலைமுறைக்குச் சினிமாவில் சிவாஜி கணேசன் கர்ஜித்த குரல்தான் ஞாபகம் வரும். பாளையக்காரருக்கும் கலெக்டருக்கும் நடந்த சண்டை அது. பாளையக்காரர்கள் ஒழிந்து, ரயத்துவாரி வந்து, கம்பெனி ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாகக் கிஸ்தி கேட்க ஆரம்பித்த பிறகு கர்ஜிக்க யாரும் இல்லை. வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். விகிதமோ நெல் நல்ல விலைக்கு விற்ற காலத்தில் போட்டது. 1820களின் நடுவிலிருந்து 1850கள் வரை விளைபொருள் விலை விழுந்து கிடந்தது, வரி விழவில்லை. வசூல் குறைந்தால் கலெக்டருக்குப் போர்டிலிருந்து கடிதம். கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்குத் தாக்கீது. தாசில்தாரிடமிருந்து மணியக்காரருக்கு, கணக்கப்பிள்ளைக்கு, டவாலிச் சேவகனுக்கு. கடைசியில் இருப்பவன் கையில் இரண்டு கம்பு.

இப்போது இன்னொரு புகார். இதுவும் மார்க்ஸ் எடுத்துக் காட்டுவதுதான். கொள்ளிடத்தில் பாலவேலை நடக்கிறது. பலகை, கரி, விறகு எல்லாம் இலவசமாகக் கொடுக்கச் சொல்லித் தாசில்தார் கேட்கிறார். பிராமணர் ஒருவர் மறுக்கிறார். பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடித்து அவரைப் படாத பாடு படுத்துகிறார்கள். அவர் சப்கலெக்டர் கேடலிடம் போய்ப் புகார் கொடுக்கிறார். கேடல் விசாரிக்கவில்லை, புகாரைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். அதற்கான காரணத்தையும் அந்தப் பிராமணரே சொல்கிறார்: ஏழைகளின் செலவில் பாலத்தை மலிவாகக் கட்டி முடித்து அரசாங்கத்திடம் நல்ல பெயர் வாங்க இவருக்கு ஆசை, ஆகவே தாசில்தார் கொலையே செய்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

எத்தனையோ அறிஞர்கள் எழுதிய காலனியப் பொருளாதார வரலாறுகளைப் படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. அத்தோடு இன்னொன்றும் உறைத்தது. நான் எழும்பூரில் எந்தக் காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேனோ அது கிழிக்கப்பட்ட காகிதம். கிழித்ததைப் பற்றிய காகிதம்தான் தப்பித்திருக்கிறது.

கமிஷனர்களையே அதிகம் உறுத்தியதும் இதுதான் என்று தெரிகிறது. சித்திரவதை நடக்கிறது என்பதைவிட, அடிபட்டவனுக்கு நியாயம் கிடைக்க வழியே இல்லை என்பதுதான் தங்களை இன்னும் வேதனைப்படுத்துவதாக எழுதுகிறார்கள். கலெக்டரைப் பார்க்கத் தூரம் போக வேண்டும், செலவு, வேலை கெடும். தபாலில் மனு அனுப்பினால், ‘தாசில்தாரைப் பார்க்கவும்’ என்று மேலெழுதி மனு திரும்பி வரும். யார்மேல் புகாரோ அவரிடமே. தாசில்தார்தான் ரெவின்யூ, தாசில்தார்தான் போலீஸ். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தாலுகா அலுவலகத்தின் மேல் என் சித்தப்பா மகன் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுத்த மனு, மூன்று வாரம் கழித்து அதே தாலுகா அலுவலகத்தின் பதிலோடுதான் அவனுக்குத் திரும்பி வந்தது. இப்போது குறுஞ்செய்தியும் வருகிறது. அது ஒன்றுதான் முன்னேற்றம்.

சட்டம் என்ன சொன்னது? மூன்றாவது கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் முக்கியமான முடிச்சு அகப்பட்டது. குற்றம் நிரூபணமானாலும் மாஜிஸ்திரேட் தாமே போடக்கூடிய தண்டனை ஐம்பது ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை. அதற்கு மேல் வேண்டுமென்றால் கிரிமினல் ஜட்ஜிடம் அனுப்ப வேண்டும். பணம் பறித்ததாக அதிகாரியின் மேல் வழக்குப் போட 1822இல் ஒரு ரெகுலேஷன், 1828இல் இன்னொரு ரெகுலேஷன். முதலில் உதவிக் கலெக்டர் விசாரிப்பார். அதிகாரி அங்கிருந்து கலெக்டரிடம் அப்பீல் போகலாம். பிறகு ரெவின்யூ போர்டு. போர்டு நினைத்தால் அரசாங்கத்துக்கோ சிவில் கோர்ட்டுக்கோ அனுப்பலாம். இந்த இரண்டு ரெகுலேஷன்களின் கீழ் ஜனங்கள் கொண்டுவந்த புகார் ஒன்றுகூடத் தங்களுக்குத் தெரிந்து இல்லை என்கிறது அறிக்கை. முப்பது வருஷத்தில் ஒன்றுகூட இல்லை.

முடிச்சு இதற்கும் உள்ளே இருக்கிறது. அந்த ரெகுலேஷன்கள் எதைக் குற்றம் என்றன? அரசாங்கப் பணத்தை அதிகாரி எடுத்துக்கொண்டால் குற்றம். விவசாயியிடம் கூடுதலாகக் கறந்து தன் மடியில் போட்டுக்கொண்டால் குற்றம். சரி, கறந்ததை ஒழுங்காகக் கஜானாவில் கட்டிவிட்டால்? அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரியை வசூலிக்கப் பலத்தைப் பயன்படுத்தினால் அதைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமே இல்லை என்று மார்க்ஸ் கணக்கை முடிக்கிறார். மார்க்ஸுக்குக் கம்பெனியைத் திட்டக் காரணம் வேண்டியிருந்தது என்பது உண்மை. அதற்காகவே நான் இந்த இடத்தை மூன்று முறை படித்தேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நாணயமான தாசில்தார் கிட்டி வைக்கலாம். லஞ்சம் வாங்குபவர்தான் வைக்கக் கூடாது.

ஆகவே அந்தப் பிசானக்காரரின் தாசில்தாரை என்ன செய்தார்கள் என்ற என் கேள்வியே தப்பு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுக்க அவர் வசூலித்தது கஜானாவுக்கு.

அறிக்கை இன்னொரு வேலையும் செய்தது. பழியை எல்லாம் கீழே இறக்கிவைத்தது. கொடுமை செய்கிறவர்கள் சுதேசிச் சிப்பந்திகள். ஐரோப்பிய அதிகாரிகள் இதை ஆதரிப்பதாக ஜனங்கள்கூட நினைக்கவில்லை என்று எழுதிக் கலெக்டர்களைக் கழுவிவிட்டார்கள். மனுவை வாங்காத கலெக்டரும் மனுவைக் கிழித்த சப்கலெக்டரும் அதே ஆவணக் கட்டில் இருக்கும்போதே இந்த வாக்கியமும் இருக்கிறது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி இன்னும் ஒரு படி மேலே போனார். எல்லா பிரிட்டிஷ் மாகாணங்களிலும் கீழ்மட்டச் சிப்பந்திகள் ஏதாவது ஒரு வடிவில் சித்திரவதை செய்கிறார்கள் என்பதில் தமக்குச் சந்தேகம் தீர்ந்து நெடுநாள் ஆகிறது என்று 1855 செப்டம்பரில் கம்பெனி டைரக்டர்களுக்கு எழுதினார். நெடுநாளாகத் தெரியுமாம். சொன்னது அப்போதுதான்.

லட்சுமிநரசு செட்டியின் சங்கம் இதை விழுங்கவில்லை. 1856 ஜனவரியில் மறுபடியும் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு. சென்னையில் மட்டும் உட்கார்ந்து மூன்று மாதம் கேட்டது விசாரணையே அல்ல. புகார் உள்ளவர்களில் மிகச் சிலரைத் தவிர யாராலும் ஊரை விட்டு வர முடியவில்லை. கமிஷன் கொடுமையின் மூலத்தைத் தேடவே முயலவில்லை. தேடியிருந்தால் அது நிலவரியை வசூலிக்கும் முறையிலேயே இருப்பது தெரிந்திருக்கும் என்று எழுதினார்கள். ஆங்கிலேய அரசியலில் தேறியவர்கள் எழுதிய அறிக்கையைவிட, சென்னை வணிகர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் சேர்ந்து எழுதிய இந்த மனுவுக்குத்தான் கண் தெளிவாக இருக்கிறது. நம் பாடப் புத்தகங்களில் 1857க்குக் கிடைத்த இடத்தில் ஒரு ஓரம்கூட இந்த 1856க்குக் கிடைக்கவில்லை. துப்பாக்கி வெடிக்காத வருஷங்களை நாம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

பிறகு சில மாற்றங்கள் வந்தன. 1859இல் போலீஸ் சட்டம் வந்து, தாசில்தாரிடமிருந்து போலீஸைப் பிரித்துத் தனி இலாகா ஆக்கியது. 1864இல் வந்த ரெவின்யூ வசூல் சட்டம் கம்பைப் பிடுங்கிக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தது: ஜப்தி, ஏலம், வேண்டுமென்றே கட்டாமல் ஏய்க்கிறார் என்று கலெக்டர் கருதினால் 48ஆம் பிரிவின்படி கைது. அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த 48ஆம் பிரிவு அரசியல் சட்டப்படி செல்லும் என்று 1957இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

1859, 1864 சட்டங்கள் இரண்டுக்கும் நடுவில் 1860இல் இந்திய தண்டனைச் சட்டம். அதில் 330ஆம் பிரிவு. வாக்குமூலம் வாங்கவோ சொத்தை மீட்கவோ பாக்கியை வசூலிக்கவோ ஒருவரைக் காயப்படுத்தினால் ஏழு வருஷம் வரை சிறை. பிரிவின் கீழே உதாரணங்கள். முதல் இரண்டும் போலீஸ்காரரைப் பற்றியவை. மூன்றாவதில் ரெவின்யூ அதிகாரி ஒருவர், ‘இசட்’ என்பவர் கட்ட வேண்டிய வரிப் பாக்கிக்காக அவரைச் சித்திரவதை செய்கிறார்; அவர் குற்றவாளி. நான்காவதில் ஜமீன்தார் தன் குத்தகைக் குடியானவரைச் சித்திரவதை செய்கிறார்.

மூன்றாவது உதாரணத்தில் பணம் யார் மடிக்குப் போயிற்று என்ற கேள்வியே இல்லை. கஜானாவுக்கே போயிருந்தாலும் குற்றம் குற்றம்தான். 1822, 1828 ரெகுலேஷன்கள் விட்டுவைத்த ஓட்டை அடைபட்டது இங்கே. எங்கள் பிசானக்காரரும் மற்ற ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரும்தான் இதை எழுதவைத்தார்கள் என்று முடித்தால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். முடிக்க மாட்டேன். மெக்காலே தண்டனைச் சட்டத்தின் வரைவை 1837இலேயே கொடுத்துவிட்டார். இருபத்து மூன்று வருஷம் அது அலமாரியில் கிடந்து, பலர் கைபட்டுத் திருத்தப்பட்டுச் சட்டமானது. அந்தத் திருத்தங்களில் சென்னைப் புகார்களின் பங்கு எவ்வளவு என்பது தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

2024 ஜூலை 1ஆம் தேதி தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய 330 இப்போது 120ஆம் பிரிவு. புதிய சட்டத்தை வாங்கியதும் நான் முதலில் திருப்பிய பக்கம் அதுதான். ஜமீன்தாரை எடுத்துவிட்டார்கள். ரெவின்யூ அதிகாரி மூன்றாவது உதாரணமாக அப்படியே இருக்கிறார். எதிரே ‘இசட்’டும் இருக்கிறார்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. அதிகாரிகள் எழுதியது எல்லாம் எழும்பூரில் இருக்கிறது. விவசாயி தன் கையில் வைத்துக்கொண்ட நகல் வீடுகளில்தான் இருக்க முடியும். உங்கள் வீட்டுப் பரணிலோ தகரப் பெட்டியிலோ பழைய கிஸ்தி ரசீது, பட்டா, மனு நகல், ஜப்தி நோட்டீஸ், ஓலை என்று எது கிடந்தாலும், படிக்க முடியாவிட்டாலும், கரையான் அரித்திருந்தாலும், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோவாவது எடுத்துவைத்துக்கொண்டு, இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.